தன் முதுகு தனக்குத் தெரியாது: பின்விளக்கு பல்பை நாமே மாற்றலாம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் துணிமணி வாங்கிக்கொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் நெரிசல் என்று பழைய சாலையைப் பிடித்தேன். செம்மோரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் வேகமாக ஓடியும் முன்னால் சரியாகத் தெரியவில்லை.

ஊருக்குள் நுழையும் சமிக்ஞை விளக்கில் நின்றபோது ஒரு மோட்டார்சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியைத் தட்டினார். அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு, மழைக்கோட்டுக்குள் எட்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை.

“அண்ணே, உங்க காருக்குப் பின்னால லைட்டே எரியல. நீங்க பிரேக் பிடிச்சப்பத்தான் முன்னால ஒரு கார் இருக்கிறதே தெரிஞ்சுது. கொஞ்சம் பார்த்துக்குங்க.”

நான் நன்றி சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அவர் போய்விட்டார். என் காரின் முன்விளக்குகள் நன்றாகவே எரிந்தன. டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. எத்தனை நாளாக இப்படி இருட்டு முதுகோடு ஓட்டிக்கொண்டிருந்தேனோ, தெரியாது. வீடு வரும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் முகம்தான் இருவர் கண்ணிலும் நின்றது.

வீட்டு அஞ்சடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “திங்கட்கிழமை பட்டறைக்குக் கொண்டு போறேன்பா” என்றேன்.

“அதுவரைக்கும் எப்படி ஓட்டுவ? ஒரு பல்பு மாத்தவா பட்டறை? காலையில நீயே மாத்து, நான் பக்கத்துல இருக்கேன்” என்றார்.

அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். பிறகு தோட்டத்து லோரியில் பல வருடம் வேலை செய்தவர். மறுநாள் காலை அவர் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரை மணி நேர வேலை. ஒரு பல்பின் விலை சில வெள்ளிதான். கம்ப்யூட்டரே கதியென்று இருக்கும் என்னைப் போன்றவர்களும் செய்யலாம்.

ஒரு பல்புக்குள் இரண்டு இழை

“பிரேக் பிடிச்சா எரியுது, மத்த நேரம் எரியலன்னா பல்பு போயிருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டேன். பல பழைய கார்களில் பின்பக்கம் ஒரே பல்புதான் இரண்டு வேலையும் செய்கிறது. அதற்குள் மெல்லிய இழைகள் இரண்டு இருக்கும். ஒன்று 5 வாட். நாம் ‘சின்ன லைட்’ என்று சொல்வது இது. முன்விளக்கைப் போட்டால் இதுவும் சேர்ந்து எரியும். மற்றொன்று 21 வாட். பிரேக்கை மிதித்தால் மட்டும் எரியும்.

சின்ன இழை இரவுப் பயணம் முழுவதும் எரிகிறது. பெரிய இழை அவ்வப்போதுதான் எரிகிறது. அதனால் சின்னது முதலில் போவது வழக்கம். எரிய எரிய டங்ஸ்டன் இழை தேய்ந்துகொண்டே வரும். ஆவியாகும் உலோகம் கண்ணாடியில் படிந்து கறுக்கும். ஒருநாள் இழை அறுந்துவிடும்.

என் காரில் இரண்டு பக்கமும் எரியவில்லை. ஒரே நாளில் இரண்டும் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஒரு பக்கம் போய்ப் பல வாரம் ஆகியிருக்கும், நான் கவனிக்கவில்லை. அதே வயதுடைய அடுத்த பல்பும் பின்னாலேயே போய்விட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

யாரும் பார்க்க மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும்

சிங்கப்பூரில் 3 வயது முதல் 10 வயது வரையுள்ள கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு மேல் ஆண்டுதோறும். பிரிட்டனில் 3 வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை. நம் நாட்டில் லோரி, பேருந்து, டாக்சி போன்றவற்றுக்குத்தான் அப்படி முறையான சோதனை. சொந்தக் காரைப் பெயர் மாற்றும்போதோ வேறு சில காரணங்களுக்காகவோதான் சோதனைக்குக் கொண்டு போகிறோம். ஒருவர் பத்து ஆண்டு ஒரே காரை வைத்திருந்தால், அந்தப் பத்து ஆண்டும் அதன் பின்விளக்கைப் பார்க்கும் பொறுப்பு அவருடையதுதான். போலீசாரோ ஜேபிஜே அதிகாரிகளோ சாலையில் நிறுத்தினால் சம்மன் வரும். ஆனால் சம்மன் வருவதற்கு முன்பே பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் வந்துவிடலாம்.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் செல்பவர்கள். கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதை நம் நாடு எப்போதோ உணர்ந்துவிட்டது. 1992ஆம் ஆண்டு முதல் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர்கள் நம் கண்ணுக்குத் தெரியப் பகலிலும் விளக்கெரிக்கிறார்கள். நாம் இரவில் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

பேராக்கில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட், கோலகங்சார், பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் ரப்பர் இருந்த நிலங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் பல குடும்பங்களுக்குத் தோட்டச் சாலைதான் இன்னும் வழி. இரண்டு பக்கமும் செம்பனை, தெருவிளக்கு கிடையாது. ஈப்போ தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து மோட்டார்சைக்கிளில் வரும் நம் பிள்ளைகளுக்கு, முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்குதான் அடையாளம். மழை என்றால் கேட்கவே வேண்டாம். தீபகற்பத்தில் மழைக்குப் பேர்போன தைப்பிங் இருப்பதும் நம் மாநிலத்தில்தான்.

முதலில் சோதனை

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஆட்டோ கியர் என்றால் ‘பி’யில் வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். சாவியைத் திருப்பி மின்சாரம் மட்டும் வந்தால் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட, மற்றவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால் காருக்கு நேர் பின்னால் நிற்கவிடாதீர்கள். பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும்.

வரிசை இதுதான்: சின்ன லைட், பிரேக், இடது சிக்னல், வலது சிக்னல், ரிவர்ஸ் விளக்கு, எண் பட்டை விளக்கு. பின்கண்ணாடி அருகே மூன்றாவது பிரேக் விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமானது. முன்னால் இருக்கும் கார் மறைத்தாலும், அதற்கு முன்னால் யாரோ பிரேக் பிடிப்பது கண்ணாடி வழியாகத் தெரியும் என்பது அதன் பயன்.

தனியாக இருந்தால்? சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்திவிட்டு, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் சுவரின் மேல் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பாக இருக்க வேண்டும். கடைகளின் பெரிய கண்ணாடிக் கதவுகளும் இதற்கு உதவும்.

சில அறிகுறிகளைக் கார் தானே சொல்லும். சிக்னல் போட்டால் ‘டிக் டிக்’ சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கிறதா? அந்தப் பக்கம் ஒரு சிக்னல் பல்ப் போயிருக்கலாம். மூன்று பிரேக் விளக்கும் சேர்ந்து எரியவில்லை என்றால் பல்புகளைக் குறை சொல்லாதீர்கள். ஃபியூஸோ பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சோ காரணமாக இருக்கும்.

கழற்றுவது எப்படி?

இப்போது விளக்கை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்தீர்கள் என்றால் பல்ப் சூடாக இருக்கும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பூட்டைத் திறந்து பாருங்கள். கார்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. சிலவற்றில் உட்புறம், விளக்குக்கு நேர் பின்னால் சிறிய மூடி இருக்கும். அதைத் திறந்தால் பல்ப் ஹோல்டர் கைக்கு எட்டும். மற்றவற்றில் விளக்குப் பெட்டியையே வெளியே எடுக்க வேண்டும். பின்கதவைத் தூக்கினால் விளக்கின் ஓரத்தில் ஸ்குரூ தெரியும்; பெரும்பாலும் இரண்டு. அவற்றைக் கழற்றி ஒரு கோப்பையில் போட்டு வையுங்கள். புல்லில் விழுந்த ஸ்குரூவைத் தேடி அன்று நான் கால் மணி நேரம் குனிந்திருந்தேன்.

ஸ்குரூவைக் கழற்றியும் பெட்டி வராது. மறுபக்கம் பிளாஸ்டிக் முளைகள் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் பலர் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி, பெயிண்டையும் கெடுத்துப் பிளாஸ்டிக்கையும் உடைக்கிறார்கள். இரண்டு கையாலும் பிடித்து நேராகப் பின்னோக்கி இழுங்கள். பொறுமையாக, அதே நேரம் உறுதியாக. ‘டக்’கென்று வந்துவிடும். வயர் இணைந்திருக்கும் என்பதால் முழு வேகத்தில் இழுத்துவிடாதீர்கள்.

பல்ப் ஹோல்டரை இடப்புறமாகக் கொஞ்சம் திருப்பினால் கழன்று வரும். பல்பைக் கழற்றுவதிலும் இரண்டு வகை. பித்தளை அடிப்பாகமும் பக்கத்தில் குட்டி முளைகளும் உள்ள பல்பை உள்ளே அழுத்தி இடப்புறம் திருப்ப வேண்டும். அடிப்பாகமும் கண்ணாடியாகத் தட்டையாக இருந்தால், திருப்பாமல் நேராக இழுத்தால் போதும்.

வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி கறுத்திருக்கும், அல்லது இழை அறுந்து ஆடும். அப்பா என் பல்பைக் காதருகே ஆட்டிக் காட்டினார். உள்ளே மெல்லிய சத்தம் கேட்டது.

கடைக்குப் பழைய பல்போடு போங்கள்

ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் ஸ்பேர் பார்ட் கடை ஏதாவது ஒன்று ஊரில் இருக்கும். கையில் பழைய பல்ப் இருந்தால் பேச்சே வேண்டாம். அதன் அடிப்பாகத்தில் எழுதியிருப்பதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

பி21/5டபிள்யூ என்றிருந்தால் இரண்டு இழை பல்ப். பி21டபிள்யூ என்றால் ஒரே இழை. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். ஆனால் இரண்டு இழை பல்பின் பக்க முளைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இருக்கும். தப்பாகப் போடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆகவே புதிய பல்ப் உள்ளே போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். திணித்தால் சின்ன லைட் எரிய வேண்டிய இடத்தில் பிரேக் விளக்கு எரியும். பின்னால் வருபவர் குழம்பிவிடுவார்.

சிக்னல் விளக்கின் மூடி வெள்ளையாக இருந்தால் உள்ளே ஆரஞ்சு நிற பல்ப்தான் போட வேண்டும். கார்களுக்கு 12 வோல்ட் பல்ப். லோரிகளுக்குப் பெரும்பாலும் 24 வோல்ட். கடையில் எடுத்துத் தருபவர் அவசரத்தில் மாற்றித் தந்துவிடலாம் என்பதால் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

ஒரு பக்கம்தான் போயிருந்தாலும் இரண்டாக வாங்குங்கள். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றதும் சீக்கிரம் போகும்.

போடும்போது கவனிக்க

ஹோல்டருக்குள் பச்சையாகப் பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். விளக்கு மூடிக்குள் நீர்த்துளி நின்றால், பெட்டிக்கும் காருக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டை நகர்ந்திருக்கிறதா, மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பல்பை மட்டும் மாற்றினால் அதுவும் நிலைக்காது.

புதிய பல்பைத் துணியால் பிடித்துப் போடுங்கள். பெட்டியைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுச் சோதித்துவிடுங்கள். எல்லாம் எரிந்தால் முளைகளை ஓட்டையில் நேராக வைத்துத் தள்ளி, ஸ்குரூவை முடுக்குங்கள். அது பிளாஸ்டிக் என்பதை மறக்க வேண்டாம். அளவுக்கு மீறி முடுக்கினால் விரிசல் விடும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

புதிய பல்ப் போட்டும் எரியவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழேயோ இன்ஜின் பக்கமோ இருக்கும். மூடியில் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எது இருந்ததோ அதே அளவைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் பழைய வித்தையெல்லாம் வயரைத் தீப்பிடிக்க வைத்துவிடும். மாற்றிய ஃபியூஸ் மறுபடியும் போனாலோ, ஹோல்டர் உருகியிருந்தாலோ, பல்ப் அடிக்கடி போனாலோ அது பட்டறை வேலை. அங்கே நம் கைவரிசை வேண்டாம்.

இப்போது வரும் பல கார்களில் பின்விளக்கு எல்இடி. அதில் மாற்றுவதற்குப் பல்ப் இருக்காது. முழுப் பெட்டியும் ஒன்றாகவே வரும். எல்இடிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சாதாரண பல்பின் இழை சூடாகி எரிய வேண்டும். எல்இடி அதைவிட ஏறத்தாழ 0.2 வினாடி முந்தி எரிந்துவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது 5 மீட்டர் தூரம். அதற்காகச் சாதாரண ஹோல்டரில் கடையில் கிடைக்கும் ஏதாவது ஓர் எல்இடி பல்பைச் செருகிவிடக் கூடாது. அந்த விளக்குப் பெட்டி இழை பல்புக்காகச் செய்யப்பட்டது. வேறு வெளிச்சம் போட்டால் சிதறிப் போகலாம், சின்ன லைட்டுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம், சிக்னல் தாறுமாறாக மின்னலாம்.

அழகுக்காகப் பின்விளக்கின் மேல் கறுப்புப் படலம் ஒட்டுவதும், கண்ணைப் பறிக்கும்படி மின்னும் பிரேக் விளக்கு போடுவதும் இளைஞர்களிடையே இருக்கிறது. ஜேபிஜே சோதனையில் மாட்டுவது ஒருபக்கம் இருக்கட்டும். ஒன்று நம்மை மறைக்கிறது, மற்றொன்று பின்னால் வருபவரின் கண்ணை மறைக்கிறது.

அப்பா சொன்ன லோரிக் கதை

வேலை முடிந்து கை கழுவும்போது கேட்டேன்: “ஒரு பல்புக்கு ஏம்பா இவ்வளவு அவசரம்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 1980களின் நடுவில் நடந்தது. தோட்டத்து லோரி ஒன்றின் பின்விளக்கு எரியவில்லை என்பது அன்று காலையிலேயே தெரியும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலம் மழை. இருட்டிய பிறகு சாலை ஓரமாக லோரியை நிறுத்தி, சரிந்த சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இரவுப் படம் பார்க்கப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் மோட்டார்சைக்கிளோடு பின்னால் மோதினான். அதே லயத்துப் பையன். உயிர் பிழைத்தான். ஒரு கால் போனது போனதுதான்.

“அவன் யாரையும் குத்தம் சொல்லல. அவன் அம்மா கூட எங்களை ஒரு வார்த்தை கேக்கல. ஆனா காலையில பல்பு எரியலன்னு பார்த்தது நான்தான்” என்றார் அப்பா.

இத்தனை வருடத்தில் அவர் இதை வீட்டில் சொன்னதே இல்லை. அவர் ஏன் தினமும் மாலை வெளியே கிளம்பும் முன் தன் பழைய மோட்டார்சைக்கிளின் பின்பக்கத்தைக் கையால் மறைத்து, வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுப் பெரட்டு

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் பெரட்டு நடக்கிறது. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட, ஆட்கள் குரல் கொடுத்த மாதிரி. நான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் போடுவேன். தாத்தா பெயர் கூப்பிடுவார். என் மகள் பக்கத்தில் தள்ளி நின்று பதில் சொல்வாள்.

“சின்ன லைட்டு?”

“இருக்கு தாத்தா!”

“பிரேக்கு?”

“இருக்கு!”

“நம்பர் பிளேட்டு?”

“ஒண்ணு வரல தாத்தா!”

மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். காரின் முன்பெட்டியில் இரண்டு பல்பும், சில ஃபியூஸ்களும், ஒரு ஸ்குரூ டிரைவரும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இரவில் வழியில் பல்ப் போனால் சாலை ஓரத்தில் குனிந்துகொண்டு மாற்றாதீர்கள். மெதுவாக அருகிலுள்ள பெட்ரோல் நிலையத்துக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் மாற்றுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். முன்னால் போகும் காரில் பின்விளக்கு எரியவில்லை என்றால் ஹாரன் அடித்துத் துரத்த வேண்டாம். சமிக்ஞை விளக்கில் பக்கத்தில் நிற்கும்போது கண்ணாடியைத் தட்டிச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு, முதுகில் பிள்ளையை வைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத எனக்காக ஒருவர் நின்று சொன்னார். அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. போன மாதம் சிலிபினில் பின்விளக்கு எரியாத ஒரு காரின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்த சீனத்து அம்மா முதலில் பயந்துபோய், பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.